தூங்கியாச்சா என்று கேட்கக் கூடாது

ஒரே குடும்பத்திலிருந்து மூன்று பேர் ஒரே கட்டடத்துக்கு வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். காலையில் வீட்டு வாசலில் தொடங்கும் சண்டை மத்தியானம் மீட்டிங்கில்தான் முடியும். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. அதாவது என் நாத்தனார்.

ஃபோட்டோ 'கிளவுட்' என்னும் மேகத்தில் இருக்கிறது, கணக்கு மேகத்தில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அந்த மேகம் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மேகமாவது மண்ணாவது! எல்லாம் இரும்பு அலமாரிகள். அலமாரிக்குள் தட்டுத் தட்டாகச் சர்வர்கள், அதாவது பெரிய கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் சூடு தணிக்கக் குட்டிக் குட்டி விசிறிகள். ஆயிரக்கணக்கான விசிறிகள் சேர்ந்து போடும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்த மாடிக்கு நான் பொறுப்பு. கத்துவது எனக்குப் பிறவிக் குணம் என்பதால் வேலை பொருத்தமாக அமைந்துவிட்டது.

நாத்தனாருக்கு முதல் மாடி. கட்டடத்திலிருந்து வெளியே போகும் கண்ணாடி இழைகள் எல்லாம் அவள் பொறுப்பு. தலைமுடி அளவுக்கு மெல்லிசான கண்ணாடி. அதற்குள் வெளிச்சம் ஓடும். அந்த வெளிச்சமாகத்தான் உங்கள் ஃபோட்டோ ஊர் ஊராகப் போகிறது. இழையின் இரண்டு முனைகளிலும் வெளிச்சத்தை அனுப்பவும் வாங்கவும் பெட்டிகள் உண்டு. அவை சும்மா இருந்தாலும் மின்சாரம் தின்னும். என் வீட்டுக்காரர் மூன்றாம் மாடியில் மென்பொருள் எழுதுகிறார். ஆபீசில் அவருக்கு 'சரிங்க' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்பார். வீட்டிலும் அப்படித்தான், அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை.

எங்கள் மேலாளருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். 'என்னாச்சு சார்'. ஒவ்வொரு அறை வாசலிலும் தலையை மட்டும் உள்ளே நீட்டி "என்னாச்சு?" என்று கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார். அதற்குள் அடுத்த அறையில் தலை தெரியும். நல்ல மனிதர்தான். என்ன, நாம் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அது முடிவதற்குள் நாலு தடவை வந்து எட்டிப் பார்த்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தலையை மட்டும் நீட்டாமல் முழு உடம்போடு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நாத்தனாரும் இருந்தாள்.

"மின்சாரக் கம்பெனி கையை விரிச்சுட்டாங்க. நம்ம கட்டடத்துக்கு இதுக்கு மேல தர முடியாதாம்" என்றார். "நமக்கோ புது சர்வர் வந்துகிட்டே இருக்கு. அதனால தலைமை ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா, கண்ணாடி இழைப் பிரிவை இங்கேருந்து பெயர்த்து அவங்க ஊருக்கே எடுத்துக்கறாங்களாம். முக்கியமான பெட்டி, ஆளு, எல்லாம்."

"ஆளுன்னா யாரு?" என்றேன்.

"இவங்கதான்" என்று நாத்தனாரைக் காட்டினார்.

தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும். அதிலும் நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏற வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மின்சாரச் செலவைக் குறைச்சுட்டா, சார்?" என்று கேட்டாள்.

"அஞ்சுல ஒரு பங்கு குறைச்சுக் காட்டுங்க. மாசக் கடைசிக்குள்ள காட்டணும். அப்புறம் அவங்ககிட்ட வாதாடுறது என் பொறுப்பு."

நாத்தனார் ஊரை விட்டுப் போனால் எனக்குக் கொண்டாட்டம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆபீசில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். கணக்குப் பிரிவில் ஒருத்தி என் கையைப் பிடித்து வாழ்த்தே சொல்லிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்! எங்கள் வீட்டுக்கு எதிர் வீடுதான் நாத்தனார் வீடு. நடுவில் நாலடி நடைபாதை. என் மகள் பாதி நாள் அத்தை கட்டிலில்தான் தூங்குவாள். எனக்குத் தலைவலி வந்தால் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கட்டியவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடிப்போம், மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரைக்கும் ஒருவர் விடாமல் எல்லாரையும் நாறடிப்போம். இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னதே இல்லை. எனக்குத் திட்டு வரும், கிண்டல் வரும். இந்த மாதிரிப் பேச்சு மட்டும் வாயில் வராது.

அன்றைக்கு டீக்கு உட்கார்ந்ததும் அவள் திட்டம் போட ஆரம்பித்தாள்.

"அண்ணி, மத்தியானம் ரோட்ல பஸ்ஸெல்லாம் காலியாப் போகுமே, பார்த்திருக்கீங்களா? ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர், மூணு பேர். நம்ம கட்டடமும் அப்படித்தான் ஓடுது. வேலை கம்மியா இருக்கிற நேரத்துல உங்க சர்வர் பாதி சும்மா முழிச்சுகிட்டு நிக்குது. என் இழை பாதி யாரும் இல்லாத தெருவுக்கு விளக்குப் போட்டுகிட்டு இருக்கு."

"அதுக்கு?"

"எல்லா ஆளையும் நாலு பஸ்ல ஏத்திட்டு மத்த பஸ்ஸை நிறுத்திடுவோம். இருக்கிற வேலையைக் கொஞ்சம் சர்வர்ல குவிச்சுட்டு மத்ததைத் தூங்க வெச்சிருங்க. நான் எல்லாத் தகவலையும் கொஞ்சம் இழையில சேர்த்துட்டு மத்த பெட்டிகளைத் தூங்க வெக்கிறேன். கூட்டம் வந்தா எழுப்பிக்கலாம்."

"ஒரு வாடிக்கையாளர் குறைன்னு வந்தா என்னைத்தான் பிடிச்சு உலுக்குவாங்க, அம்மணி."

"உங்களை உலுக்க யாருக்கு அண்ணி தைரியம் இருக்கு?" என்று சிரித்தாள். நியாயமான கேள்விதான். ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

என் ஆட்களும் அவள் ஆட்களும் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? நாற்பதை நெருங்கும் தங்கையை இன்றைக்கும் 'பாப்பா' என்று கூப்பிடுகிறவர். யாரும் கேட்காமலே அவளுக்காக ஒரு 'மின்சாரப் பக்கம்' செய்தார். கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும், இழை முனையில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு குட்டிக் கட்டமாகத் தெரியும். விழித்திருந்தால் சிவப்பு, தூங்கினால் பச்சை. உச்சியில் மொத்தம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. நானே வாய்விட்டுப் பாராட்டினேன், அவரே பயந்துபோனார்.

கட்டடம் முழுவதும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேட்ச் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தது. நாத்தனாரைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. வரவேற்பறையில் இருக்கிற பெண் பார்த்தாள், கணக்குப் பிரிவு பார்த்தது, வாசல் காவலாளி தன் ஃபோனில் பார்த்தார். என்னாச்சு சாருக்குக் கேட்கவே வேண்டாம். தன் அறைச் சுவரில் பெரிய டிவி மாட்டி அதில் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டு, போதாதென்று கையில் ஃபோனிலும் திறந்து வைத்திருந்தார்.

சர்வர்களைத் தூங்க வைக்கும் ஏற்பாட்டை ஓடவிட்டோம். எல்லாக் கட்டமும் சிவப்பாகவே நின்றது. மேலே ஓடுகிற எண் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு பச்சை தெரியும், எல்லாரும் "ஆ!" என்று வாயைத் திறப்பதற்குள் அதுவும் சிவப்பாகிவிடும்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாத நேரத்தில் நான் என்ன செய்வேன்? பக்கத்தில் இருப்பவரைத் திட்டுவேன்.

"என் சர்வர் பாட்டுக்குத் தூங்கப் போகுது. உன் இழைதான் எதையோ கொண்டுவந்து எழுப்பி விடுது" என்றேன் சாப்பாட்டு மேஜையில்.

"உங்க சர்வர்தான் எதையோ அனுப்பி என் பெட்டியை எழுப்புது அண்ணி. நான் பார்த்துட்டுதான் சொல்றேன்."

"நானும் பார்த்துட்டுதான் சொல்றேன்!"

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"சரிங்க" என்று தண்ணீர் ஜாடியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒருநாள் மத்தியானம் என் மாடியில் அலமாரி வரிசைகளுக்கு நடுவே நின்று ஒவ்வொரு சர்வராகச் சோதித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்தாள். இரைச்சலுக்காக இரண்டு பேரும் காதில் அடைப்பான் வைத்திருந்தோம். அவள் என் காதருகே குனிந்து கத்தினாள்.

"அண்ணி, பெட்டி வாங்கிட்டேன்!"

"என்ன பெட்டி? சர்வர் பெட்டியா?"

"துணி வெக்கிற பெட்டி! ஊருக்குப் போறதுக்கு! முன்கூட்டியே எடுத்து வெச்சுட்டா நல்லதுதானே!"

அவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா! கடைக்குப் போய்க் காய் வாங்கி வந்தேன் என்பதுபோல. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். காதிலிருந்த அடைப்பானைப் பிடுங்கினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் விளங்காது என்ற தைரியம் வேறு.

"போ! தாராளமாப் போ! எனக்கென்ன வந்துச்சு! வீடு சுத்தமா இருக்கும்! என் சீப்பை எடுக்க ஆளிருக்காது! நான் நிம்மதியா இருப்பேன்!"

"என்னது?" என்று அவளும் அடைப்பானைக் கழற்றினாள்.

"சாயங்காலம் டீயைத் தனியாக் குடிச்சுக்கறேன்! உங்க அண்ணன்கிட்டயா பேச முடியும், எதைச் சொன்னாலும் சரிங்கம்பார்! பெட்டி வாங்கினாளாம் பெட்டி! ஒரு வார்த்தை கேட்டியா என்னை? நீ இல்லாம என்னால இருக்க முடியாதுடி!"

கடைசி வாக்கியம் மட்டும் கூடம் முழுவதும் கணீரென்று ஒலித்தது. ஏனென்றால் அது வாயிலிருந்து வந்த அந்த நொடியில் இரைச்சல் இல்லை. வரிசை வரிசையாக விசிறிகள் நின்றுகொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூலையில் கேபிள் மாற்றிக்கொண்டிருந்த என் ஆட்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் பெரிய ராட்சசி. இனிமேல் அந்த மரியாதையெல்லாம் போயிற்று.

"கேட்டுச்சு அண்ணி" என்றாள் அவள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது.

வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சர்வரைப் பார்த்தேன். விளக்குகள் அணைந்து கிடந்தன. அவளும் பார்த்தாள்.

"அண்ணி... தூங்குது!"

"சத்தம் போடாதே" என்றேன், ஏதோ சத்தத்தில் எழுந்துவிடும் என்பதுபோல.

இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். என் வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. கொஞ்ச நேரம்தான். திடீரென்று ஒரு வரிசை உறுமியது. அடுத்த வரிசை. அப்புறம் எல்லாமே எழுந்துகொண்டு பழையபடி காது கிழிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்த நேரத்துக்குள் கட்டடத்தில் யாரோ எதையோ நிறுத்தித் திரும்பவும் ஓடவிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்யக்கூடியது மென்பொருள் எழுதுகிறவர்கள்தான் என்று மூன்றாம் மாடிக்கு ஓடினோம்.

என்னைக் கண்டதும் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"கோபப்படாதே. மின்சாரப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சேன். எழுத்து சின்னதா இருக்குன்னு சார் சொன்னார். பெரிசாக்கித் திரும்பப் போட்டுட்டேன்."

"அந்தப் பக்கம் சர்வர்கிட்ட என்னங்க கேக்குது?"

"முழிச்சிருக்கியா, எவ்வளவு மின்சாரம் ஆகுதுன்னு கேக்கும்."

"அது தூங்கிட்டிருந்தா?"

"எழுந்து பதில் சொல்லும். பதில் வந்தாத்தானே கட்டத்துல காட்ட முடியும்?"

சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. நாத்தனார் கேட்டாள்: "அண்ணா, இழையோட அந்த முனையில இருக்கிற பெட்டியை எப்படிக் கேக்குது?"

"இழை வழியாத்தான் பாப்பா. அதையும் எழுப்பி..." என்றவர் உட்கார்ந்துவிட்டார். "பக்கம் திறந்திருக்கிற ஒவ்வொருத்தருக்காகவும் தனித்தனியாப் போய்க் கேக்கும். எல்லாருக்கும் உடனுக்குடன் தெரியணும்னு அப்படி எழுதினேன்."

கட்டடம் முழுக்கத் திறந்து வைத்திருந்தது! தூங்கப் போகிற குழந்தையைச் சுற்றி ஊரே நின்றுகொண்டு, "தூங்கியாச்சா? தூங்கியாச்சா?" என்று உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று யார் யாரெல்லாம் ஆசைப்பட்டார்களோ, அத்தனை பேரும் சேர்ந்து அவளை ஊருக்கு அனுப்பப் பார்த்திருக்கிறோம். எங்கள் சண்டையிலும் இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் பேயறைந்தமாதிரி இருந்தார். திட்டுவதற்கு என் ஆயுசிலேயே இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் ஏற்கெனவே மேஜையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, உன் பாசத்துக்கு ஒரு ஸ்விட்ச் வெக்கணும்" என்றாள்.

மூன்று பேருமாக என்னாச்சு சாரிடம் போனோம். பக்கத்தை மூட வேண்டும் என்றதும் அவருக்கு முகமே செத்துவிட்டது.

"பார்க்காம எப்படிம்மா நம்பறது?"

"கீழ்த்தளத்துல கட்டடத்தோட மீட்டர் இருக்கு சார்" என்றேன். "அது யாரையும் எழுப்பிக் கேக்காது. ஓடுற மின்சாரத்தை வாசல்ல நின்னு எண்ணிக்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நீங்களே வந்து பாருங்க. நடுவுல யாரும் எதையும் பார்க்கக் கூடாது."

"நடுவுல ஒரே ஒரு தடவை?"

"சார்!"

மறுநாள் நான் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவர் அறை வாசலிலேயே போட்டுக்கொண்டேன். பாவம், மனிதர் பட்ட பாடு இருக்கிறதே! டிவியைத் துடைத்தார். அணைந்த டிவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபோனை எடுத்தார், என் செருமலைக் கேட்டு வைத்தார். தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல மூன்றாம் மாடிப் படியில் கால் வைத்தவரைப் பின்னாலேயே போய்த் திருப்பிக் கூட்டி வந்தேன். "சும்மா கைகால் நீட்டிக்கலாம்னு..." என்றார். "இங்கேயே நீட்டுங்க சார்" என்றேன். இரண்டாம் மாடியிலிருந்து வழக்கமாகக் கேட்கும் இரைச்சல் பாதிகூட இல்லை. எனக்கே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கீழ்த்தளத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். மீட்டருக்கு முன்னால் என்னாச்சு சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்த்தார். காலையில் குறித்த எண்ணைக் கழித்து, வழக்கமான நாள் கணக்கோடு ஒப்பிட்டார். நாத்தனார் என் கையைப் பிடித்திருந்தாள். இல்லை, நான்தான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

"கால் பங்குக்கு மேலேயே குறைஞ்சிருக்கு" என்றார்.

அந்தக் கீழ்த்தளத்தில் எழுந்த ஆரவாரத்துக்கு என் சர்வர்களெல்லாம் எழுந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் காவலாளி தூக்கியே விட்டார், எதற்கு என்று அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

ஆனால் இரண்டு நாள் கழித்து என்னாச்சு சார் மறுபடியும் முழு உடம்போடு உள்ளே வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பல்.

"பிரிவு இங்கேயேதான் இருக்கும். அதைச் சொல்ல வரல. அதைவிடப் பெரிசு. தலைமை ஆபீஸ்ல உங்க வேலையைப் பார்த்து அசந்துட்டாங்க. எல்லா ஊர்லயும் இருக்கிற நம்ம கட்டடத்துக்கெல்லாம் இதையே செய்யணுமாம். அத்தனைக்கும் உங்களைத் தலைவியாப் போடுறாங்க. பெரிய பதவிம்மா! அங்கேயே வந்து இருக்கச் சொல்றாங்க."

தோற்றாலும் அனுப்புகிறார்கள், ஜெயித்தாலும் அனுப்புகிறார்கள், இது என்ன நியாயம்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இது தண்டனை இல்லை, அவள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது. இதற்குக் குறுக்கே நான் நின்றால் நானெல்லாம் ஒரு மனுஷியா? விழுங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக மெதுவாகப் பேசினேன்.

"போயிட்டு வா. உனக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கு."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலாளரிடம் சொன்னாள்: "சார், எல்லாக் கட்டடத்துக்கும் இங்கேருந்து இழை போகுது. அந்த வேலையை உட்கார்ந்த இடத்துலேருந்தே செய்யலாம். இங்கேருந்து செய்யட்டுமா?"

"செய்யலாம்தான், ஒத்துப்பாங்க. ஆனா தலைவிப் பதவின்னா அங்கே இருக்கறவங்களுக்குத்தான். இங்கே இருந்தா வேலை மட்டும்தான் வரும், பதவி வராது. நல்லா யோசிச்சுக்குங்க. போறதுல என்னம்மா தடை?"

"எங்க அண்ணி இங்க இருக்காங்க, சார்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணி இருக்காங்கன்னு ஊரை விட்டுப் போனவங்களை எனக்குத் தெரியும்" என்றார். "அண்ணி இருக்காங்கன்னு பதவியை வேண்டாம்னவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்."

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போடி பைத்தியக்காரி என்றாவது திட்டியிருக்க வேண்டும். எங்கே திட்டினேன்! மேலாளர் எதிரிலேயே அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன், அதையும் சத்தமாகத்தான்.